ஷ்ரோடிங்கரின் பூனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் இயற்பியல் படிக்காதவர்கள்கூட இந்தப் பூனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். ‘அது உயிரோடும் இருக்கிறது, செத்தும் கிடக்கிறது’ என்ற ஒரே வரியோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த வரியை நம்பச் சொல்லி எர்வின் ஷ்ரோடிங்கர் இதை எழுதவில்லை. இதை எப்படி நம்புவது என்று கேட்கத்தான் எழுதினார். புதிதாகப் படிக்க வருபவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளி அறிவியல் நினைவிருந்தால் போதும். கணக்குப் போட வேண்டியது ஒரே இடத்தில்தான், அதுவும் கூட்டல், கழித்தல், வர்க்கம், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

மூடிய எஃகுப் பெட்டி ஒன்று. உள்ளே ஒரு பூனை. பூனையின் கால் பட்டுவிடாதபடி பாதுகாப்பாக வைக்கப்பட்ட ஒரு கருவி. அந்தக் கருவியில் கதிரியக்கத்தை உணரும் கெய்கர் எண்ணியும், மிக மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளும் இருக்கின்றன. 1 மணி நேரத்துக்குள் அந்தப் பொருளில் ஓர் அணு சிதையலாம், ஒன்றுகூடச் சிதையாமலும் போகலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. அணு சிதைந்தால் கெய்கர் எண்ணி அதை உணர்ந்து ரிலே எனும் மின்விசை ஒன்றை இயக்கும். ரிலே ஒரு சுத்தியலை விடுவிக்கும். சுத்தியல் விழுந்து, ஹைட்ரோசயனிக் அமிலம் நிரம்பிய சிறு குப்பியை உடைக்கும். பூனை செத்துவிடும். சிதைவு எதுவும் நடக்கவில்லை என்றால் பூனைக்கு ஒன்றும் ஆகாது.

‘மிக மிகச் சிறிதளவு’ என்றால் எவ்வளவு? யுரேனியம்-238 என்றே வைத்துக்கொள்வோம். 1 கிராம் தூய யுரேனியம்-238-இல் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 12,400 அணுக்கள் சிதைகின்றன. 1 மணி நேரத்தில் ‘ஒன்றாவது சிதையும்’ என்பதற்கும் ‘எதுவும் சிதையாது’ என்பதற்கும் சரிபாதி வாய்ப்பு வேண்டுமென்றால் சுமார் 15 நானோகிராம் போதும். கண்ணுக்கே தெரியாத அந்தத் துணுக்கில்கூட 39 லட்சம் கோடி அணுக்கள் இருக்கும். அவற்றில் எது, எப்போது சிதையும் என்று முன்கூட்டிச் சொல்லும் விதி குவாண்டம் கோட்பாட்டில் கிடையாது. வாய்ப்பை மட்டும்தான் அது துல்லியமாகச் சொல்லும்.

உண்மையிலேயே ஒரு பூனையை அடைத்து வைத்தாரா?

இல்லை. இது மனத்தளவில் நடத்திப் பார்க்கும் சோதனை. நிஜமாகச் செய்தாலும் புதிதாக ஒன்றும் தெரிய வராது. பெட்டியைத் திறந்தால் உயிருள்ள பூனையோ செத்த பூனையோதான் கிடைக்கும், பாதிக்குப் பாதி. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சிக்கலெல்லாம், திறப்பதற்கு முன் என்ன சொல்லலாம் என்பதில்தான்.

அப்படியானால் எதற்காக இதை எழுதினார்?

குவாண்டம் கோட்பாட்டின் அடித்தளமான அலைச் சமன்பாட்டை 1926-இல் தந்தவர் ஷ்ரோடிங்கர்தான். அதற்காக 1933-இல் பால் டிராக்குடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லின் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். தன் சமன்பாட்டுக்கு நீல்ஸ் போரும் வெர்னர் ஹைசன்பெர்க்கும் கொடுத்து வந்த விளக்கம் அவருக்கு ஒப்புதலாக இல்லை.

1935 மே மாதம் ஐன்ஸ்டைன், போடோல்ஸ்கி, ரோசன் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குவாண்டம் கோட்பாடு இயற்கையை முழுமையாக விவரிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அந்தக் கோடையில் ஐன்ஸ்டைனும் ஷ்ரோடிங்கரும் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்ட் மாதக் கடிதம் ஒன்றில் ஐன்ஸ்டைன் ஒரு வெடிமருந்துக் குவியலை உதாரணம் காட்டினார். ஓர் ஆண்டுக்குள் தானாகவே வெடித்துவிடக்கூடிய மருந்து. ஆண்டு முடிவில் அதன் அலைச்சார்பைப் (பொருளின் நிலையை விவரிக்க அலைச் சமன்பாடு தரும் கணித வடிவம்) பார்த்தால், வெடித்ததும் வெடிக்காததும் கலந்த ஏதோ ஒன்றாக இருக்கும். நிஜத்தில் அப்படி ஓர் இடைநிலை கிடையாதே என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதுதான் ஷ்ரோடிங்கர் பூனையைக் கொண்டுவந்தார். 1935 இறுதியில் ஒரு ஜெர்மன் அறிவியல் இதழில் மூன்று பகுதிகளாக வந்த அவரது நீண்ட கட்டுரையில் பூனைக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி.

அவருடைய குறை இதுதான். அணு சிதைந்த நிலையும் சிதையாத நிலையும் கூட்டாக இருக்கிறது என்று சமன்பாடு சொல்கிறது. சரி, அணு கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே சமன்பாட்டைக் கெய்கர் எண்ணிக்கும் போட்டால், அதுவும் அந்தக் கூட்டில் சேர்ந்துவிடுகிறது. பிறகு ரிலே, சுத்தியல், குப்பி, கடைசியில் பூனை. ‘இந்த இடத்தோடு நிறுத்து’ என்று சொல்லும் வரி எதுவும் சமன்பாட்டில் இல்லை. அணுவோடு நின்றிருந்த குழப்பத்தை வீட்டில் நடமாடும் ஒரு பிராணி வரை இழுத்து வந்து காட்டிவிட்டார்.

அந்தப் பத்தியின் முடிவில் அவர் சொன்ன ஒன்றைப் பலரும் எடுத்துக் காட்டுவதில்லை. கைநடுங்கி எடுத்ததால் கலங்கிப்போன புகைப்படம் வேறு, மேகத்தையும் மூடுபனியையும் தெளிவாக எடுத்த புகைப்படம் வேறு என்றார். கோட்பாட்டில் தெரியும் கலங்கல் எந்த வகை? நம் விவரிப்பில் உள்ள கலங்கலா, பொருளே அப்படித்தான் இருக்கிறதா? பூனைச் சோதனையின் கேள்வி முழுவதும் இதற்குள் அடக்கம் என்பேன்.

‘ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் இருக்கிறது’ என்று சொல்வது சரியா, தவறா?

அவசரப்பட்டுச் சொல்வது. மொத்த அமைப்பின் நிலை ‘சிதையாத அணு, உயிருள்ள பூனை’ என்பதும் ‘சிதைந்த அணு, செத்த பூனை’ என்பதும் சேர்ந்த ஒரு கூட்டல் என்றுதான் கணக்கு சொல்கிறது. இந்தக் கூட்டலுக்கு மேற்பொருந்துதல் என்று பெயர். ‘இரண்டுமாக இருக்கிறது’ என்பது அந்தக் கூட்டலுக்கு நாம் தரும் பல விளக்கங்களில் ஒன்று. விளக்கத்தையே முடிவு என்று எடுத்துக்கொண்டால் ஷ்ரோடிங்கர் எந்த இடத்தில் நம்மை நிறுத்தி யோசிக்கச் சொன்னாரோ, அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இதில் என்ன அதிசயம்? பூனை ஏதோ ஒரு நிலையில்தான் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே?

எல்லாருக்கும் முதலில் வரும் சந்தேகம் இது, நியாயமான சந்தேகமும்கூட. மூடிய கைக்குள் இருக்கும் நாணயம் பூவா தலையா என்று நமக்குத் தெரியாது. ஆனால் உள்ளே அது ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கிறது. பூனையும் அப்படித்தானே? இதற்குப் பதில் சொல்லப் பூனையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஆய்வகத்தில் நிஜமாகவே நடக்கும் ஒரு சோதனையைப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இது பிடிபட்டால் மற்றவை எல்லாம் எளிது.

விழும் ஒளியில் பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் திருப்பிவிடும் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரே ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, அனுப்புகிறோம். அது மேல்பாதையில் போகலாம், கீழ்ப்பாதையிலும் போகலாம். இரண்டு பாதைகளையும் சாதாரணக் கண்ணாடிகளால் திருப்பி மீண்டும் ஓரிடத்தில் சேர்க்கிறோம். சேரும் இடத்தில் இன்னொரு பாதிக் கண்ணாடி. அதைத் தாண்டி அ, ஆ என்று இரண்டு உணரிகள். மாக்–செண்டர் குறுக்கீட்டுமானி என்று இந்த அமைப்பைச் சொல்வார்கள்.

ஃபோட்டான் ஏதோ ஒரு பாதையில்தான் போகிறது, நமக்குத்தான் எது என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பாதையில் வந்தாலும் கடைசிக் கண்ணாடியில் அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனவே நூறு ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் சுமார் 50 அ-வுக்கும் 50 ஆ-வுக்கும் போக வேண்டும். ஒரு பாதையை அட்டை வைத்து மறைத்துவிட்டால், தப்பி வருபவை அப்படியேதான் பிரிகின்றன.

அட்டையை எடுத்துவிட்டு இரண்டு பாதைகளையும் திறந்து வையுங்கள். பாதைகளின் நீளத்தைச் சரியாக அமைத்தால் எல்லா ஃபோட்டான்களும் அ-வுக்கே போகின்றன. ஆ-வுக்கு ஒன்றுகூட வருவதில்லை. கூடுதலாக ஒரு வழியைத் திறந்துவிட்டதால் ஆ-வுக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது! ஒவ்வொரு ஃபோட்டானும் தனியாகத்தான் போகிறது, ஆகவே ஒன்றோடொன்று மோதியது என்றும் சொல்ல முடியாது. தனி ஃபோட்டான்களைக் கொண்டு இதைத் தெளிவாகச் செய்து காட்டியவர்கள் கிராஞ்சியே, ரோஜர், அஸ்பே ஆகியோர். பிரான்சின் ஓர்சேயில், 1986-இல்.

குவாண்டம் கோட்பாடு இதை எப்படிக் கணக்கிடுகிறது? ஒவ்வொரு பாதைக்கும் வீச்சு என்று ஓர் எண் தருகிறது. வாய்ப்பு எதிர்மறையாக இருக்க முடியாது. வீச்சு இருக்கலாம். வீச்சுகளை முதலில் கூட்டி, பிறகு வர்க்கம் எடுத்தால் வாய்ப்பு கிடைக்கும். அ-வுக்குப் போக மேல்பாதையின் வீச்சு ½, கீழ்ப்பாதையின் வீச்சும் ½. கூட்டினால் 1, வர்க்கமும் 1, அதாவது நிச்சயம். ஆ-வுக்குப் போக ஒரு பாதையின் வீச்சு ½, மற்றதன் வீச்சு −½. கூட்டினால் 0. ‘ஏதோ ஒரு பாதைதான், எனக்குத் தெரியவில்லை’ என்பவர் முதலில் வர்க்கம் எடுத்துவிட்டுப் பிறகு கூட்டுவார்: ¼ + ¼ = ½. சோதனை அவர் பக்கம் இல்லை.

மூடிய கையில் இருக்கும் நாணயத்தை வைத்து இப்படி ஒரு கழித்தலைச் செய்து காட்டவே முடியாது. மேற்பொருந்துதலை ‘தெரியாமை’ என்று சுருக்கிவிட முடியாது என்பதற்கு இந்தக் கழித்தல்தான் சாட்சி.

சரி, பூனையை வைத்து இந்தக் கழித்தலைக் காட்ட முடியுமா?

கொள்கையளவில் தடை இல்லை, நடைமுறையில் முடியாது. அதற்கான காரணமும் அந்தக் கண்ணாடிச் சோதனையிலேயே இருக்கிறது. ஃபோட்டான் எந்தப் பாதையில் போனது என்ற தடயம் வழியில் எங்காவது பதிந்துவிட்டால் உடனே கழித்தல் மறைந்துவிடும், 50-க்கு 50 திரும்பி வந்துவிடும். தடயத்தை ஒருவரும் படிக்க வேண்டியதில்லை. ஏதோ ஓர் அணுவில் பதிந்தாலே போதும். ‘மேல்பாதை, இப்படி மாறிய அணு’, ‘கீழ்ப்பாதை, அப்படி மாறிய அணு’ என்று இரண்டும் வெவ்வேறு முடிவுகளாகிவிடுகின்றன. வெவ்வேறு முடிவுகளின் வீச்சுகளைக் கூட்ட முடியாது.

இப்போது பெட்டிக்குள் வாருங்கள். சாதாரணக் காற்றில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஒரு வினாடிக்கு மோதும் மூலக்கூறுகள் ஒன்றுக்குப் பின் 23 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணையும் தாண்டும். எழுந்து நிற்கும் பூனைமேல் மோதித் திரும்பும் மூலக்கூறும் விழுந்து கிடக்கும் பூனைமேல் மோதித் திரும்பும் மூலக்கூறும் வேறு வேறு திசையில் போகும். ஒவ்வொரு மோதலும் ஒரு தடயம். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டாலும் (பூனை அதிலேயே செத்துவிடும் என்பது ஒரு பக்கம்) அதன் உடல் சூடு அகச்சிவப்புக் கதிராக வெளியேறி பெட்டிச் சுவரில் தடயம் போட்டுக்கொண்டே இருக்கும். 10 மைக்ரோமீட்டர் தூசு ஒன்றை ஆளில்லா விண்வெளியில் விட்டால், பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் அந்த மங்கலான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சே அதன் இருப்பிடத்துக்குத் தடயம் போடப் போதுமானது.

இந்த விளைவுக்கு டிகோஹியரன்ஸ் என்று பெயர். ஜெர்மனியின் டீட்டர் ஸே 1970-இல் இதைத் தொடங்கி வைத்தார். 1980-களில் வோய்ச்சியெக் சூரெக் வளர்த்தெடுத்தார். ஷ்ரோடிங்கர் காலத்தில் இந்தக் கணக்கு இல்லை. பெரிய பொருள்களில் மேற்பொருந்துதலின் அடையாளம் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு இன்று நம்மிடம் உள்ள உறுதியான பதில் இதுதான்.

ஆனால் இது முழுப் பதில் அல்ல. கழித்தல் ஏன் மறைகிறது என்பதை டிகோஹியரன்ஸ் சொல்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு வாய்ப்புகளில் ஏன் ஒன்று மட்டும் நம் கண்முன் நடக்கிறது என்பதை அது சொல்லவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

நாம் திறந்து பார்ப்பதால்தான் பூனை சாகிறதா?

குவாண்டம் கோட்பாட்டைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணங்களில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ‘பார்ப்பது’ என்ற சொல் இங்கே கண்ணையோ மனத்தையோ குறிப்பதில்லை. தடயம் பதிவதைத்தான் குறிக்கிறது. நீல்ஸ் போரின் கருத்துப்படி கெய்கர் எண்ணி ‘டிக்’ என்று பதிவு செய்த கணத்திலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. பெட்டி எப்போது திறக்கப்படுகிறது என்பதற்கும் பூனையின் சாவுக்கும் தொடர்பு இல்லை.

மனித உணர்வுக்கு இதில் பங்கு உண்டு என்று தீவிரமாக யோசித்த பெரிய இயற்பியலாளர் யூஜின் விக்னர். 1961-இல் அவர் பூனையின் இடத்தில் ஒரு நண்பரையே வைத்து எழுதினார்: அறைக்குள் இருக்கும் நண்பர் முடிவைப் பார்த்துவிட்டார், வெளியே இருக்கும் எனக்கு இன்னும் தெரியாது, இப்போது நண்பரும் இரண்டு நிலைகளின் கூட்டலா? அருமையான கேள்வி. இன்றும் ஆய்வுக் கட்டுரைகள் இதைச் சுற்றி வருகின்றன. ஆனால் உணர்வுதான் முடிவு செய்கிறது என்ற நிலைப்பாட்டை விக்னரே பிற்காலத்தில் கைவிட்டுவிட்டார். டீட்டர் ஸேயின் வேலை அதற்கு ஒரு காரணம்.

பூனைக்கே தெரியாதா, தான் உயிரோடு இருப்பது?

தெரியும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். விக்னரின் நண்பர் பிறந்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான்.

திறந்தபோது பூனை செத்திருந்தால், எப்போது செத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கெய்கர் எண்ணியோடு ஒரு கடிகாரத்தை இணைத்து வைத்தால் சிதைவு நடந்த நேரம் அதில் இருக்கும். கடிகாரம் இல்லையென்றாலும் உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். 40 நிமிடங்களுக்கு முன் செத்ததென்றால் எல்லாத் தடயங்களும் அதையே சொல்லும், ஒன்றுக்கொன்று முரண்படாது. திறந்த நொடியில்தான் செத்தது என்று எந்தத் தடயமும் சொல்லாது. இந்த முரணின்மை தற்செயல் இல்லை, சமன்பாட்டிலிருந்தே வருவது. அணு, எண்ணி, கடிகாரம், பூனை ஆகிய எல்லாமே ஒன்றின் நிலையை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன, இதற்குக் குவாண்டம் பின்னல் என்று பெயர்.

பெட்டிக்குள் கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அணு சிதையாமல் நின்றுவிடும் என்கிறார்களே?

இதற்குப் பின்னால் உண்மையான இயற்பியல் இருக்கிறது, நம் ஊரோடு தொடர்பும் இருக்கிறது. ஒரு குவாண்டம் அமைப்பை மிக விரைவாகத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருந்தால் அது மாறவே மாறாது என்று 1977-இல் பைத்யநாத் மிஸ்ராவும் ஈ.சி.ஜி. சுதர்சனும் காட்டினார்கள். குவாண்டம் ஸீனோ விளைவு என்பார்கள். சுதர்சன் கோட்டயம் பக்கத்துக்காரர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1990-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 5,000 பெரிலியம் அயனிகளை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். 256 மில்லிவினாடிகளில் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு முழுமையாகப் போய்விட வேண்டிய அயனிகள், இடையில் 64 முறை அளந்தபோது பெரும்பாலும் தொடங்கிய இடத்திலேயே நின்றன.

அப்படியானால் நம் பூனையைக் காப்பாற்றிவிடலாமா? முடியாது. கதிரியக்க அணுவின் சிதைவை இப்படித் தடுக்க வேண்டுமென்றால், எந்தக் கேமராவாலும் எட்ட முடியாத அளவுக்குக் குறுகிய இடைவெளியில் அளக்க வேண்டியிருக்கும். கெய்கர் எண்ணி ஏற்கெனவே உள்ளே ஓயாமல் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. சிதைவு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்கு இறுதி விடை என்ன? யார் சொல்வது சரி?

ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே விடை கிடையாது. முக்கியமான நிலைப்பாடுகளைச் சொல்கிறேன்.

போர், ஹைசன்பெர்க் வழியில் வந்த கோபன்ஹேகன் வழியினருக்கு அலைச்சார்பு என்பது சோதனை முடிவுகளைக் கணிக்கும் கருவி. அளவீட்டுக்கு முன் பூனை ‘உண்மையில்’ எப்படி இருந்தது என்ற கேள்விக்கே அவர்கள் பொருள் தரமாட்டார்கள். 1957-இல் ஹியூ எவரெட் நேர் எதிர்ப்பக்கம் போனார். சமன்பாடு எங்கும் நிற்காது என்றால் நிற்கவே வேண்டாம், கூட்டலின் இரண்டு உறுப்புகளும் உண்மை, பார்க்கும் நாமும் அவற்றோடு சேர்ந்து இரண்டாகிறோம் என்றார். பல உலகங்கள் என்று பேசப்படுவது இதுதான். லூயி டி பிராக்லி தொடங்கி 1952-இல் டேவிட் போம் முழுமையாக்கிய வழியில், துகளுக்கு எப்போதும் திட்டவட்டமான இடம் உண்டு, அலை அதை வழிநடத்துகிறது. அங்கே பூனை எப்போதுமே ஏதோ ஒரு நிலையில்தான் இருக்கிறது. நான்காவதாக, சமன்பாட்டையே திருத்த வேண்டும் என்பவர்கள். கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் 1986-இல், அலைச்சார்பு எப்போதாவது தானாகவே சுருங்கும், பெரிய பொருள்களில் அது உடனே நடந்துவிடும் என்று ஒரு மாதிரியைத் தந்தார்கள். ரோஜர் பென்ரோஸ் இந்தச் சுருக்கத்துக்கு ஈர்ப்பு விசையைக் காரணமாக்குகிறார்.

முதல் மூன்றும் பெரும்பாலும் ஒரே சோதனை முடிவுகளைத்தான் தருகின்றன, அதனால் சோதனை செய்து ஒன்றைத் தள்ளுவது மிகக் கடினம். நான்காவது மட்டும் வேறு முடிவுகளைக் கணிக்கிறது. தப்பாக இருந்தால் தப்பு என்று காட்டிவிடலாம். என்னைக் கேட்டால், அதனாலேயே அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் ‘சிறிய பூனை’ எதையாவது உருவாக்கியிருக்கிறார்களா?

நிறைய. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1996-இல் கிறிஸ்டோபர் மன்ரோ, டேவிட் வைன்லேண்ட் குழுவினர் அமெரிக்காவின் போல்டரில் ஒரே ஒரு பெரிலியம் அயனியை மின்புலத்தால் அந்தரத்தில் பிடித்து வைத்து, அதை 80 நானோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களின் கூட்டலில் வைத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் அயனியின் அலை பரவியிருந்த அகலம் (அலைப்பொட்டலம்) சுமார் 7 நானோமீட்டர்தான். ஆக, இரண்டு இடங்களும் ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருந்தன.

அதே ஆண்டு பாரிஸில் செர்ஜ் ஹரோஷ் குழு வேறு வழியில் போனது. நன்றாகக் குளிர்வித்த, மின்தடையே இல்லாத இரண்டு மீகடத்திக் கண்ணாடிகளுக்கு நடுவே சில நுண்ணலை ஃபோட்டான்களைச் சிறைவைத்தார்கள். ஒரு ரூபிடியம் அணுவை அதன் வழியே அனுப்பினார்கள். அணு இரண்டு நிலைகளின் கூட்டலில் இருந்ததால் நுண்ணலைப் புலமும் இரண்டு நிலைகளின் கூட்டலுக்குப் போனது. அணு, அதனால் மாற்றப்படும் இன்னொரு பொருள் என்று ஷ்ரோடிங்கர் எழுதிய அதே அமைப்பு. அப்புறம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். இரண்டாவது அணுவை வெவ்வேறு கால இடைவெளிகளில் அனுப்பி, அந்தக் கூட்டல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளந்தார்கள். இரண்டு நிலைகளுக்கும் இடையே வேறுபாடு கூடக்கூட, கரைவதும் வேகமானது. பெரிய பூனை ஏன் கண்ணில் படுவதில்லை என்று டிகோஹியரன்ஸ் சொன்ன காரணத்தை நேரடியாக அளந்து காட்டிய சோதனை அது. பின்னாளில் இதே குழு செய்த கண்ணாடிகள் ஒரு ஃபோட்டானை 0.13 வினாடி பிடித்து வைத்தன. 3 சென்டிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில் அது முன்னும் பின்னும் மோதிக் கடக்கும் தூரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர், பூமியை ஒரு சுற்று சுற்றிய கணக்கு. ஹரோஷும் வைன்லேண்டும் 2012-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பிறகு அளவு ஏறிக்கொண்டே போனது. வியன்னாவில் 1999-இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளும், 2019-இல் 2,000 அணுக்கள் வரை கொண்ட மூலக்கூறுகளும் குறுக்கீட்டு விளைவை, அதாவது கண்ணாடிச் சோதனையில் பார்த்த அதே கூட்டல் கழித்தலை, காட்டின. 2023-இல் சூரிச்சில் 16 மைக்ரோகிராம் எடையுள்ள ஒரு படிகத்தின் அதிர்வைப் பூனை நிலைக்கு, அதாவது இரண்டு எதிரெதிர் அதிர்வுகளின் கூட்டலுக்கு, கொண்டுவந்தார்கள். எடையைக் கேட்டால் பெரிதாகத் தெரியும். இரண்டு அதிர்வுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஓர் அணுவின் அளவைவிட மிக மிகச் சிறியது. அதனால் ‘பெரிய பூனை’ என்பதை எடையால் அளப்பதா, தூரத்தால் அளப்பதா என்பதே ஒரு விவாதம். கையில் எடுக்கக்கூடிய ஒரு மின்சுற்று முழுவதும் ஒரே குவாண்டம் பொருளாக நடந்துகொள்ளும் என்று 1980-களில் காட்டிய ஜான் கிளார்க், மிஷேல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்ன எல்லைக்கு அப்பால் சமன்பாடு செல்லாது என்று எந்தச் சோதனையும் இதுவரை சொல்லவில்லை.

ஷ்ரோடிங்கர் உபநிடதம் படித்தவர். இந்தச் சோதனை அத்வைதத்தை நிரூபிக்கிறது என்கிறார்களே?

முதல் பாதி உண்மை. ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அலைச் சமன்பாட்டுக்கு முன்பே, 1925-இல், அது பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் 1935 கட்டுரையில் வேதாந்தம் ஒரு வரிகூட இல்லை. பூனைப் பத்தி ஒரு கணக்கின் விளைவைக் காட்டி எதிர்க்கேள்வி கேட்கிறது. விடை கிடைக்காத ஒரு கேள்வியை எந்தத் தத்துவத்துக்கும் நிரூபணமாகக் காட்ட முடியாது. உபநிடதத்தை அதற்காகவே படிக்கலாம், அவரும் அப்படித்தான் படித்தார்.

இதனால் நடைமுறைப் பயன் ஏதாவது உண்டா?

உண்டு. குவாண்டம் கணினியில் தகவல் மேற்பொருந்துதலாகச் சேமிக்கப்படுகிறது, டிகோஹியரன்ஸ் அதை ஓயாமல் அழித்துக்கொண்டே இருக்கிறது. இதைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்றுக்குப் ‘பூனை க்யூபிட்’ என்றே பெயர் (க்யூபிட் என்பது குவாண்டம் கணினியில் தகவலின் அடிப்படை அலகு). மீகடத்திக் குழிக்குள் நுண்ணலைப் புலத்தை இரண்டு எதிரெதிர் நிலைகளின் கூட்டலில் வைப்பார்கள். ஃபோட்டான் எண்ணிக்கையைக் கூட்டினால் 0 என்பது 1 ஆகத் தவறும் பிழை மிக வேகமாகக் குறைகிறது. பதிலுக்கு இன்னொரு வகைப் பிழை மெதுவாகக் கூடுகிறது, அதை மட்டும் தனியாகத் திருத்தினால் போதும். பாரிஸின் ஆலிஸ் அண்ட் பாப் நிறுவனம் இந்த வழியில் வேலை செய்கிறது. அமேசான் 2025-இல் அறிவித்த ஓசிலாட் சில்லும் இதே வகை.

மேற்கொண்டு படிக்க எங்கே தொடங்கலாம்?

பூனையில் தொடங்க வேண்டாம். கண்ணாடிச் சோதனையைக் காகிதத்தில் வரைந்து, ½, −½ கணக்கை நீங்களே இரண்டு முறை போட்டுப் பாருங்கள். ஒரு பாதையில் தடயம் வைத்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்றும் எழுதிப் பாருங்கள். அடுத்து வேண்டியவை கலப்பு எண்களும் அணிகளும். இரண்டுமே தமிழ்நாட்டு 12-ஆம் வகுப்புக் கணிதப் பாடநூலின் முதல் இரண்டு அத்தியாயங்களில் இருக்கின்றன. இரண்டுக்கு இரண்டு அணிகளைப் பெருக்கத் தெரிந்தால் பாதிக் கண்ணாடியை ஓர் அணியாக எழுதலாம், பின்னலையும் எழுதலாம். அதுவரை வந்துவிட்டால் ஷ்ரோடிங்கரின் 1935 கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பையே எடுத்துப் படிக்கலாம். அதில் சமன்பாடுகள் மிகக் குறைவு, பெரும்பகுதி உரைநடைதான்.